லாச்சித் திறப்பு

மாங்குளம் சந்தியால் திரும்பித் துணுக்காய் வீதியில்
இரண்டாம் கட்டை.
தண்ணீர்த் தாங்கி கட்டும் கொம்பனியின் தகரக் கொட்டில்.
அதில் ஒரு மேசை, மேசையில் ஒரு லாச்சி,
லாச்சிக்குள் ஒன்பது கடவுச்சீட்டுகள்.
திறப்பு என் கைப்பையில்
கச்சான் கோதுகளோடு கிடக்கும்.

ஒடிசாவிலிருந்து வந்த ஒன்பது பேர்.
விசாவில் எழுதியிருப்பது சுற்றுலா.
நாற்பதடி உயரத்தில்
முகமூடி போட்டு, தீப்பொறி சிதற
வன்னியைச் சுற்றிப் பார்க்கிறார்கள்.

படிவம் நிரப்புவது நான்.
பெயர், பிறந்த திகதி, தங்கும் நோக்கம்.
மனேஜர் பத்மசீலன்
நோக்கத்தைச் சொல்லித் தருவார்.
"ஆரும் பாஸ்போட் கேட்டால்
கொழும்புக்குப் போயிருக்கு எண்டு சொல்லும், பிள்ளை."

பொங்கலன்று முடிந்தது சுதாம் மாஜியின் விசா.
அன்று நான் கொண்டுபோன புக்கையை
வழித்துச் சாப்பிட்டுவிட்டுக் கைகூப்பினான்.
எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாது.

மாசி நடுவில் வந்து
வாசலில் செருப்பைக் கழற்றினான்.
புத்தகம் போல இரண்டு கையையும் விரித்துக் காட்டினான்.
திகதியை ஒருக்கால் பார்க்க வேணுமாம்.
கொழும்பு, என்றேன்.
எப்போ வரும்?
அவர்களிடம் நான் பிடித்த ஒரே இந்திச் சொல்லைச் சொன்னேன்:
கல்.

நேற்றுக்கும் அதுதானாம், நாளைக்கும் அதுதானாம்.
எனக்கோ அது
வாய்க்குள் கிடந்த வெறும் கல்.

இரவு தம்மாமிலிருந்து தவரூபன் எடுத்தான்.
வவுனியா ஏஜென்சியில் ஒப்பம் வைத்த தாளில்
அவன் மின்னியலாளன்.
அங்கே இறங்கியதும் நீட்டிய அரபுத் தாளில்
என்னவென்று இன்றைக்கும் தெரியாது;
சீமெந்து சுமக்கிறான்.
ஏழு மாதமாய் இக்காமா புதுப்பிக்கவில்லை,
கடைக்குப் போகவும் பயம்.
பாஸ்போட் எங்கே என்று கேட்டால்
கபீலின் கந்தோரில் ஒருத்தர் சொல்கிறாராம்:
புக்ரா.
"நாளைக்கு எண்டு அர்த்தம்," என்றான்.
எனக்கு விளங்கும் என்றேன்.
எப்படி என்று அவன் கேட்கவில்லை.

பதினேழு வயதில் ஓமந்தையில் நின்றிருக்கிறேன்.
ஒரு துண்டு, ஒரு முத்திரை,
திரும்பி வருவேன் என்பதற்கு ஒரு பிணையாள்.
என் பெயர் எழுதிய தாள்
வேறொருவர் கையில் இருக்கையில்
வயிறு என்ன செய்யும் என்று
எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வெள்ளிக்கிழமை
லாச்சியைப் பூட்ட மறந்துபோனேன்.
அப்படித்தான் எழுத வேண்டும்.
ஒவ்வொரு திகதிக்குக் கீழும் பென்சிலால் கோடு போட்டு,
கிளிநொச்சித் தொழில் திணைக்களத்து நம்பரை
ஒன்பது துண்டில் எழுதிச் செருகிவிட்டு
மறந்துபோனேன்.

திங்கள் காலை லாச்சி வெறும் லாச்சி.
ஒரு பேப்பர் கிளிப், செத்த கரப்பான் ஒன்று.
ஒருவரும் ஓடவில்லை.
ஓடி எங்கே போக,
மூன்று மாதச் சம்பளம் கொம்பனியிடம்.
சாரத்தில் ஏறி நின்றார்கள் ஒன்பது பேரும்;
சேட்டுப் பையில் பொலித்தீன் சுற்றிய சதுரம்
கீழிருந்தே தெரிந்தது.
விசா இன்னும் காலாவதிதான்.
நாளுக்கு நாள் ஏறுகிற தண்டப்பணத்தை
யார் கட்டுவது என்பதும் அப்படியே.

"எங்கே பிள்ளை அதெல்லாம்?"
பத்மசீலன் லாச்சியை இழுத்து இழுத்துப் பார்த்தார்.
கொழும்புக்குப் போயிருக்கு, சேர், என்றேன்.

தம்மாமில் அந்தக் கந்தோரிலும்
ஒரு லாச்சி இருக்கும்.
அதன் முன்னால் ஒரு ஆள்,
கைப்பை, கச்சான் கோது, திறப்பு.
அந்த ஆளுக்கும்
ஒரு வெள்ளிக்கிழமை மறதி வரட்டும்.