அட்டை

செவ்வாய் எனக்கு விடுமுறை.
மற்ற நாளெல்லாம் தபால் பிரிக்கிற வேலை:
பெயர், தெரு, எண்.
கண் பார்க்குமுன் கை போட்டுவிடும்.

சிட்னிக்கு வடக்கே, மழை விட்ட காலை.
வாசலில் டெஸ்லி, தொண்டர் மேலங்கி,
பையில் மீன் வறுவல் கடையின்
உப்புப் பொட்டலங்கள்.
“நீயும் இரண்டு வை” என்றாள்.
எதற்கென்று கேட்கவில்லை.

பாங்சியா. கடலோர மணல்.
கிரிவில்லியா. பாறைச் சரிவு.
இங்கும் எல்லோருக்கும் விலாசம் உண்டு,
காலடியில் அட்டை குத்தி.
செடியை எங்கே பார்த்தேன்,
வாசித்துக்கொண்டே போனேன்.
ஓரிடத்தில் அட்டை மட்டும் நின்றது.
ஆள் வீடு மாறிவிட்டார் போல.

ஓடைப் பாலம் வரைதான் தோட்டம்.
அந்தப் பக்கம் புதர்க்காடு,
யாரும் நடாதது.
அட்டை இல்லை.
முள் ஒன்று சட்டையைப் பிடித்து நிறுத்தியது.
எலுமிச்சை வாசம், எந்த இலையோ.
சவுக்கு சொடுக்கினாற்போல் ஒரு பறவை;
விலாசம் கேட்காமல்
இன்னொன்று பதில் சொன்னது.

எதிரே பள்ளிக்கூடக் கூட்டம்.
முதுகுப்பையில் ‘கைரன்’ என்று எழுதிய பையன்
“இது என்ன பூ?” என்றான்.
அப்போதுதான் குனிந்தேன்:
வெளுத்த இதழ், கம்பளித் துணி மாதிரி.
எந்தப் பெட்டியில் போடுவது?
கை அந்தரத்தில் நின்றது.

பாலத்துக்குத் திரும்பிக் காலுறை கழற்றினால்
கணுக்காலில் ஓர் அட்டை,
கொழுத்து, கறுத்து,
என்னை வாசித்து முடிக்கும் தறுவாயில்.

உப்பு பையில்தான் இருந்தது.
குடித்துவிட்டுப் போகட்டும் என்று
உட்கார்ந்திருந்தேன்.