மூன்றாவது சுருள்

லிம் சூ காங் படகுத்துறையை எட்டுமுன்பே
கைப்பேசி மலேசியாவுக்கு வரவேற்கிறது.
நீருக்கு அந்தப் பக்கம் ஜொகூர்.
இந்தப் பக்கம் நான், என் கருவிப்பெட்டி,
மூடி கழற்றிய நாற்பது குதிரைத்திறன் எஞ்சின்.

டெக் குவான் முன்பே முடிவுகட்டியிருந்தார்.
பிளக் மூன்றும் புதுசு. எண்ணெய் புதுசு.
"சிடிஐ பெட்டி போச்சு லா, எண்ணூறு வெள்ளி."
சாட்சிக்குத் தன் மீட்டரை நீட்டுகிறார்,
ஜாலான் புசாரில் பன்னிரண்டு வெள்ளிக்கு வாங்கியது.
புத்தகம் நூற்றிருபத்தைந்து கேட்கும் இடத்தில்
அது இருபத்திரண்டு காட்டுகிறது,
பிறகு பதினெட்டு, பிறகு ஒன்றுமில்லை.

பொய் சொல்லவில்லை அது.
ஒரு கண்சிமிட்டலை ஆயிரமாக அரிந்தால்
அதில் ஒரு துண்டுதான் துடிப்பு.
மிச்சப் பொழுதெல்லாம் வெறும் கம்பி.
இரண்டையும் கலந்து சராசரி என்று ஊற்றித் தருகிறது,
ஒரு குவளைத் தேத்தண்ணியை வாளி நீரில் கொட்டி
ருசி எப்படி என்று கேட்பதுபோல.

என் பையில் தீப்பெட்டி அளவில் ஓர் இணைப்பான் உண்டு.
உள்ளே ஒரு டயோடு, ஒரு கெபாசிட்டர்:
ஏறி வந்ததைத் திரும்ப விடாத மடை.
மீட்டரை டிசிக்குத் திருப்பினேன்.
பிளக்குகளைக் கழற்றி எஞ்சின் உடம்போடு சேர்த்தேன்.
முனைகளைக் கவ்வியால்தான் மாட்டுவேன், கையால் பிடிப்பதில்லை.
ஒருமுறை பிடித்திருக்கிறேன்.
அன்றைக்கு எத்தனை வோல்ட் என்று
என் முழங்கைக்கு இன்னும் தெரியும்.

"இழு."

நைனா முகம்மது கயிற்றை இழுத்தான்,
முழங்கை காதைத் தாண்டிப் போக, ஒரே வீச்சு.
நூற்று நாற்பத்தெட்டு.
கயிறு திரும்பிய பிறகும் எண் திரையில் நின்றது,
பிறகு நாற்பத்தேழு, நாற்பத்துநாலு என்று
வற்றம் தூண்களை விட்டு இறங்குவதுபோல் இறங்கியது.
இரண்டாவது: நூற்று ஐம்பத்தொன்று.
மூன்றாவது: அறுபத்தொன்று.

டெக் குவான் முதலில் நைனாவைத்தான் முறைத்தார்.
தெங்காவிலிருந்து கிளம்பிய விமானம்
வானத்தைக் கிழித்துக்கொண்டு போயிற்று.
அது அடங்கும்வரை யாரும் பேசவில்லை.

அந்தச் சுருளை நேற்றே ஓமில் பார்த்தாராம்.
சரியாகத்தான் இருந்ததாம்.
இருக்கும்.
ஒன்றரை வோல்ட்டில் விசாரித்தால்
எல்லாச் சுருளும் நல்ல பிள்ளை.

ஒன்றையும் மூன்றையும் இடம் மாற்றினேன்.
இழு. மறுபடி இழு.
மூன்றாம் இடத்தில் இப்போது நூற்று நாற்பத்தாறு.
முதல் இடத்தில் அறுபது.
குற்றம் சுருளோடு குடிபெயர்ந்துவிட்டது.
பெட்டிமேல் பிழையில்லை.

"அப்போ எண்ணூறு?"
"உங்க பையிலேயே இருக்கட்டும்."

புதுச் சுருள் நாளைக் காலை லோயாங்கிலிருந்து வரும்.
இன்றைக்குப் பக்கத்துப் பண்ணைப் படகு கட்டியிழுத்துப் போகும்;
கூண்டுகளில் கொடுவா தீனிக்குக் காத்துக் கிடக்கிறது.
டெக் குவான் அந்தப் படகுக்காரரிடம் பேசப் போனார்.

கவ்விகளைச் சுருட்டும்போது நைனா அருகில் வந்தான்.
உள்ளங்கையில் கொப்புளம் உடைந்திருந்தது.
"மூணாவதுக்கும் அதே இழுப்புத்தான் இழுத்தேன்க்கா."
என்னிடம் சொன்னான். பார்த்தது மீட்டரை.

ரசீதில் சுருள், கூலி, வண்டிச்செலவு எழுதியபின்
கீழே கொஞ்சம் இடம் மிச்சமிருந்தது.
இழுப்பில் குறையில்லை என்று எழுதினேன்.
அதற்கும் கீழேதான் கையெழுத்து.