ஐந்தரைக்குள்

கப்பலில் கொடுத்த தாளில்
மட்டக்களப்புக்கு ஆறு வரிகள்.
பாசிக்குடா, ஒல்லாந்தர் கோட்டை,
கல்லடிப் பாலம், வாவியில் தோணி, மதியச் சாப்பாடு.
ஆறாவது வரி தடித்த எழுத்தில்:
ஐந்தரைக்குள் கப்பலுக்குத் திரும்பிவிட வேண்டும்.
உணவுப்பொருள் கொண்டுவரக் கூடாது.

திருகோணமலைத் துறைமுக வாசலில்
எங்கள் பெயரை அட்டையில் பிடித்து நின்றவர் சுவேந்திரன்.
மருதாசலத்தில் ஒரு 'ச' விட்டுப்போயிருந்தது.
இவர் சட்டைப்பையிலிருந்து பேனா எடுத்துக் கொடுத்து
திருத்திய பிறகுதான் வேனில் ஏறினார்.

வெருகல் தாண்டி, வாகரை தாண்டி ஓடியது வேன்.
"மறுகா பனிச்சங்கேணிப் பாலம்" என்றார் சுவேந்திரன்.
"மறுகா வாழைச்சேனை."
மறுகா ஓர் ஊர் என்று நினைத்து
செல்போன் வரைபடத்தில் தேடிக்கொண்டே வந்தேன்.

மூன்று நாளாய்
ஒன்பதாம் மாடியிலிருந்து பார்த்த கடல்
பாசிக்குடாவில் கெண்டைக்கால் வரைக்கும்தான் இருந்தது.
இவர் பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு நடந்தார்.
நடந்தார்.
தலை கடுகளவு ஆகும்வரை நடந்தார்,
முழங்காலுக்கு மேல் நனையவில்லை.
"ஏனுங்க!"
காதுக் கருவி என் கைப்பையில் இருந்தது.
அங்கே நின்று கையை அசைத்தார்,
யாருக்கோ அசைப்பதுபோல்.
நானும் யாரோபோல் அசைத்தேன்.

கோட்டைக்குள் ஏதோ ஓர் அலுவலகம்.
பீரங்கிக்குப் பக்கத்தில் நிழல் இருந்ததால் நின்றேன்.
கோப்பைத் தலைக்குக் குடையாய்ப் பிடித்த ஒருத்தி வந்து
"நீங்கதான் கடைசியாளா?" என்று கேட்டு
எனக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.
சொல்லி விலக மனமில்லாமல்
கொஞ்ச நேரம் வரிசையாகவே இருந்தோம்.

கல்லடிக் கடற்கரையில்
சரிந்து நிற்கிற முருகன் கோபுரம் தாளில் இல்லை.
இவர்தான் வேனை நிறுத்தச் சொன்னார்.
ஒரு கண்ணை மூடி, கட்டைவிரலை நீட்டி
சரிவை அளந்தார்.
"அஸ்திவாரத்துல என்ன கோளாறு?"
"சுனாமி, ஐயா."
"உங்க வீடு இந்தப் பக்கமா?"
சுவேந்திரன் கண்ணாடியில் இல்லாத தூசியைத் துடைத்தார்.
"ஓம். அந்தா, நீலக் கேற்.
மறுகா கட்டினது."
மறுகா என்பது ஊரில்லை என்று
அங்கே தெரிந்தது எனக்கு.
வீட்டில் யார் யார் என்று கேட்க வாய் வந்தது.
கேட்கவில்லை.

தோணிக்காரப் பையன் டிலக்சன் நேர்மையானவன்.
"மீன் பகல்ல பாடாது.
பௌர்ணமிக்கு வாங்க."
"பௌர்ணமிக்கு நாங்க பீளமேட்டுல இருப்போம் கண்ணு."
பாவமாய்ப் பார்த்துவிட்டு
துடுப்பைத் தண்ணீரில் இறக்கி
மேல்நுனியைக் காதில் வைக்கச் சொன்னான்.
மரத்தில் தண்ணீர் தட்டுவது கேட்டது எனக்கு.
பாலத்தில் போன ஒரு ஹாரன்.

இவர் கருவியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு
துடுப்பைக் காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்தார்.
கண்ணை மூடினார்.
தோணி தானாக அரைவட்டம் திரும்பும்வரை
எடுக்கவே இல்லை.
"என்னங்க கேக்குது?"
"மோட்டாரு. ரொம்பத் தூரத்துல.
ஒன்றரை எச்.பி. இருக்கும்.
பேரிங் போயிருச்சு."
பையன் சிரித்தான். இவர் சிரிக்கவில்லை.
இருபத்தேழு வருஷம் பம்ப் கம்பெனி டெஸ்டிங் ஷெட்டில்
காதைத் தின்ற சத்தம் அது.
திரும்பக் கிடைத்தவர்போல
துடுப்பைத் தடவிக்கொண்டிருந்தார்.

வழியில் வாங்கிய எருமைத் தயிர்ச் சட்டி மடியில் இருக்க
ஆறாவது வரியைச் சுவேந்திரன் உரக்கப் படித்தார்.
ஒரு சட்டி. மூன்று பேர். கரண்டி இல்லை.
வாவிக்கரைக் கட்டில் உட்கார்ந்து
அவர் பூவரசம் இலையில் அள்ளினார்,
நாங்கள் கேபின் சாவி அட்டையில்.
பாணி வழிந்து தாளின் மேல் விழுந்தது.
கோட்டை பிசுபிசுத்தது.
மணி இரண்டு. யாரும் எழவில்லை.

இரவு
6114ஆம் கதவு திறக்கவில்லை.
சிவப்பு விளக்கு. இன்னொரு தடவை, சிவப்பு.
அட்டையை முந்தானையில் துடைத்துக் கொடுத்து
"மறுகா போடுங்க" என்றேன்.
"அது எந்த ஊரு?" என்றார் இவர்.