வெற்றுக் கட்டம்

புயல் போய் ஒன்பதாம் நாள்.
பெய்ராவில், கூரை மிச்சமிருந்த ஒரு பள்ளிக்கூடத்தில்
கரும்பலகை முழுக்கக் கட்டம் போட்டிருக்கிறேன்.
இடப்பக்கம் ஊர்கள், ஆறு ஓடும் வரிசையில்.
மேலே தண்ணீர்ப் பேதி, காய்ச்சல், மஞ்சள் கண், பாம்புக்கடி.
அழிக்க மனம் வராத மூலையில்
ஏதோ ஒரு குழந்தையின் ஏழாம் வாய்ப்பாடு
நாற்பத்திரண்டோடு நிற்கிறது.

மாலை ஐந்துக்குத் தொலைபேசி விழிக்கும்.
அட்டனாசியோ
மோட்டார் சைக்கிள் பேட்டரியில் உயிரேற்றிய கைபேசியில் கத்துகிறார்:
"பேதி மூன்று. காய்ச்சல் பதினொன்று.
பதினொன்றில் ஒன்று என் மகள்.
தனியாகச் சொல்லவா, சேர்த்துச் சொல்லவா?"
சேர்த்தே எழுதினேன்.
இரண்டாவது ஒன்றில் சாக்பீஸ் முறிந்தது.

பெலிஸார்டா தினமும் பூஜ்ஜியம் சொல்கிறாள்.
சொல்லிவிட்டுக் கூசுகிறாள்,
வேலைக்குப் போகாமல் கூலி கேட்டவள் மாதிரி.
நாற்பது வீடு ஏறி இறங்கி,
கழிப்பறைக் குழிகளை எட்டிப் பார்த்து,
குடம் குடமாய்க் குளோரின் முகர்ந்து
சேற்றில் அவள் உருட்டிக்கொண்டு வரும் வட்டம் அது.
அதைச் சிந்தாமல் வாங்கி வைக்கிறேன்.

அவளுக்கு மேல் வரியில் நியாமசூரி.
ஐந்து நாளாக அங்கே எதுவும் இல்லை.
பூஜ்ஜியம்கூட.

தலைநகரிலிருந்து வந்த டாக்டர் பலகையைப் பார்த்தார்.
"அங்கே நோயில்லை போல. நல்லது."
அவருடைய காலணி இன்னும் உலர்ந்திருந்தது.
யாரும் போய்ப் பார்க்கவில்லை டாக்டர், என்றேன்.
படகு கேட்டேன்.

புசி ஆறு சோளக்காட்டின் மேல் இன்னும் படுத்திருந்தது.
மாமரக் கிளையில் ஒரு வெள்ளாடு,
வயிறு ஊதி, கயிறு கழுத்தில்.
நாங்கள் அதன் கீழே குனிந்து போனோம்.

நியாமசூரி மருந்தகத்துக்கு மூன்று சுவர்கள் இருந்தன.
நடுச்சுவரில் அடுப்புக்கரிக் கோடுகள்:
ஐந்து ஐந்தாகக் கட்டி, நாள் தவறாமல்.
செபனியாஸின் கைபேசியை ஆறு கொண்டுபோயிருந்தது;
எண்ணுவதை அவர் விடவில்லை.
நேற்றைய கோடுகள் மட்டும் கோணலாக, வேறு யாரோ போட்டவை.
"கடைசிக் கோடு அவர்தான்" என்றாள் அவர் மனைவி.

தார்பாயில் கிடந்தார்.
கண்கள் உள்ளே போயிருந்தன.
நரம்பு தேடி ஊசி ஏற்றினோம்; இரண்டாம் புட்டி இறங்கும்போது கேட்டார்:
"ஐந்து மணி ஆகிவிட்டதா?"

திரும்பி வந்து எழுதுகிறேன்.
நான்கு, ஒன்பது, பதினாறு, இருபத்தேழு, முப்பத்தெட்டு.
கட்டம் பற்றவில்லை.
முப்பத்தெட்டின் வால் கோட்டைத் தாண்டி
கீழ்வரிக்குள் இறங்கிவிட்டது.
அழித்துச் சிறிதாக எழுதினேன்.

ஐந்து ஐந்து.
அட்டனாசியோ கூப்பிட்டுவிட்டார், காய்ச்சல் பத்து.
எந்தப் பத்து என்று நான் கேட்கவில்லை, அவரே சொன்னார்,
எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தாளாம்.

ஐந்து பதினைந்து.
பெலிஸார்டா இன்னும் கூப்பிடவில்லை.