பிப்ரவரி: பூஜ்ஜியம் யூனிட்

மார்லிஸ் க்விஸ்ட், வயது இருபத்திரண்டு.
நெப்ராஸ்காவிலிருந்து வந்தவள்.
மிசூலாவில் பன்னிரண்டு மாதம்
வாழ்ந்ததாகச் சொல்கிறாள்.
அதை நான் நம்ப வேண்டியதில்லை,
காகிதம் நம்பினால் போதும்.

உள்ளூர் ஆளுக்கு ஒரு கட்டணம்,
வெளியூர் ஆளுக்கு அதுபோல் மூன்று மடங்கு.
இரண்டுக்கும் நடுவில் என் மேசை.
அதன் ஒரு கால் ஆடும்,
பழைய விண்ணப்பம் ஒன்றை மடித்து
முட்டுக் கொடுத்திருக்கிறேன்.

கோப்பைத் திறக்கிறேன்.
ஓட்டுநர் உரிமம், செப்டம்பர் மூன்று,
படத்தில் கண்கள் பாதி மூடியிருக்கின்றன.
வண்டிக்குப் புது எண் தகடு.
வாக்காளர் பதிவு.
உள்ளூர் விலையில் ஒரு தூண்டில் உரிமம்
(மீன் விழுந்ததா என்று
எந்தப் படிவமும் கேட்பதில்லை).
வரிக் கணக்கு: டோனட் கடை, இரவு வேலை.

ஏழாவது கேள்வி
எங்கள் அலுவலகத்தின் விடுகதை:
எந்த நோக்கத்தோடு இம்மாநிலம் வந்தீர்?
படிக்க வந்தேன் என்றால்
படிப்பு மூன்று மடங்கு விலை.
அதனால் எல்லோருக்கும் மலை பிடிக்கும்,
எல்லோருக்கும் ஆறு பிடிக்கும்.
இவள் எழுதியிருந்தாள்:
“அண்ணன் இங்கே கூரை வேலை செய்தான்.
அவன் வீட்டில் ஒரு சோபா காலியாக இருந்தது.
பிறகு அவன் போய்விட்டான்.
நான் போகவில்லை.”

நான் இந்த ஊரிலேயே பிறந்தவன்.
நீ இங்கேதான் இருந்தாயா என்று
என்னை யாரும் கேட்டதில்லை.
என் பிப்ரவரிகளுக்கு ரசீது கிடையாது.

மின் கட்டணச் சீட்டுகள்:
டிசம்பர் முந்நூற்று நாற்பது யூனிட்,
ஜனவரி முந்நூற்றுத் தொண்ணூற்றொன்று,
பிப்ரவரி பூஜ்ஜியம்.
இந்த ஊரில் பிப்ரவரியில் பூஜ்ஜியம் என்றால்
வீட்டில் ஆள் இல்லை.
முப்பது நாள் ஊரில் இல்லையென்றால்
கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து.

வரச் சொன்னேன். வந்தாள்.
சட்டைக் கையில் மாவு.
“எங்கே போயிருந்தீர்கள்?”
“எங்கும் போகலை. பணம் கட்டலைன்னு
கரண்டை வெட்டிட்டாங்க.
லுசெட்டி சலவைக் கடை ராத்திரி பூரா திறந்திருக்கும்.
துணி உலர்த்துற எந்திரத்தில் முதுகைச் சாய்ச்சுக்குவேன்.
விரட்டினா வெளியே வந்து காரில் படுத்துக்குவேன்.”
“சாட்சி?”
யோசித்தாள்.
“எந்திரம்தான்.”

பேனாவை மூடினேன். திரும்பத் திறந்தேன்.
“வேறு ஏதாவது காகிதம்? எதுவானாலும்?”
அவள் எழுந்து போனாள்.
ஜன்னல் வழியே பார்த்தேன்,
கார்க் கதவு கொஞ்சம் மக்கர் செய்தது.
திரும்பி வந்து
கசங்கிய நான்கு மஞ்சள் சீட்டுகளை
மேசையில் வைத்தாள், கவிழ்த்து.
“இதைக் காட்டினா
விண்ணப்பத்தைத் தள்ளிடுவீங்கன்னு நினைச்சேன்.”

பனி அள்ளும் நேரத்தில்
தெருவில் வண்டி நிறுத்திய குற்றம்.
பிப்ரவரி இரண்டு, ஒன்பது,
பதினேழு, இருபத்தாறு.
எல்லாம் விடிகாலை நான்கு மணியை ஒட்டி,
எல்லாம் சலவைக் கடைத் தெரு.
குளிரில் கோணிய கையெழுத்தில்
வண்டி எண், இடம், நேரம்,
அபராதம் இருபது டாலர்.
மூன்றாவது சீட்டின் அடியில்,
குறிப்பு எழுதும் கட்டத்தில்,
யாரோ ஒரு காவலர்:
“உள்ளே ஆள் உறங்குகிறார். எழுப்பவில்லை.”

இரண்டு முறை படித்தேன்.
இருபது ஆண்டாகக் கோப்பு பார்க்கிறேன்,
ஒருத்தி இங்கே இருந்தாள் என்பதற்கு
இந்த நகரம் தன் கையால் எழுதித் தந்ததை
இதற்கு முன் கண்டதில்லை.

“அபராதத்தைக் கட்டிவிடுங்கள்,
இல்லையென்றால் சேர்க்கையில் இடிக்கும்” என்றேன்.
அதைத் தவிர எனக்கு
வேறு சொல் வரவில்லை.

நகலெடுக்க எழுந்தேன்.
கூடவே வந்து நின்றாள்.
எந்திரம் உறுமி, ஒளிர்ந்து,
ஒவ்வொரு சீட்டாய்த் துப்பியது.
நான் முத்திரையைத் தேடித் திரும்பியபோது
அவள் அதன் மூடிமேல்
இரண்டு உள்ளங்கைகளையும் வைத்திருந்தாள்,
சூடு இருக்கிறதா என்று,
பழக்கத்தில்.