நோயாளியின் பெயர்

கரோல் பாக், பின்சந்து, இரண்டாம் மாடி.
பல் செட் செய்யும் கூடம்.
ஜனவரி. ஹீட்டரில் ஒரு கம்பி மட்டும் சிவந்திருந்தது.
இந்தக் குளிரில் சிலிக்கோன் இறுகவும் சோம்பல்படும்.

மூன்று மணிக்கு ஜஸ்லீன் வந்தாள்,
மெட்ரோ நெரிசலில் நசுங்காமல்
ஸ்டீல் டிபன் டப்பாவை நெஞ்சோடு அணைத்தபடி.
திறந்தாள். பஞ்சு. பஞ்சுக்குள் பஞ்சு.
அதற்குள் ஒரு கீழ்த்தாடை,
கடுந்தேநீரில் ஊறப்போட்ட நிறம்.

சிவாலிக் அடிவாரம், பிலாஸ்பூர்ப் பக்கம்.
மழை அறுத்த ஓடைக்கரையில்
ஆடு மேய்ப்பவர் ஒருவர் கால் இடறிக் கண்டதாம்.
எண்பது லட்சம் வருடம் என்றாள்,
பஸ் தாமதத்தைச் சொல்வதுபோல்:
"கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்."
வாலில்லாப் பெருங்குரங்கு.
அந்த இனத்தில் இன்று ஒருவரும் இல்லை.
ஒன்றுவிட்ட உறவு மட்டும்
போர்னியோ மரங்களில் செம்மயிரோடு தொங்குகிறது.

நகல் மூன்று வேண்டும்.
பல்கலைக்கழகம் மார்ச்சில் பணம் தரும்.
எந்த மார்ச் என்று நான் கேட்கவில்லை.

படிவம் நிரப்பாமல் வேலை எடுக்க
மல்ஹோத்ரா சம்மதிக்க மாட்டார்.
பல்லின் நிறம்: அட்டையின் கடைசி நிறத்துக்கும் அப்பால்.
வயது: எழுத இடம் போதவில்லை.
நோயாளியின் பெயர்?

அங்கேதான் தயங்கினாள்.
முன்பு இவற்றில் சிறியதற்கு
ராமன் பெயரை வைத்திருந்தார்களாம்.
நாலு பல்லையும் ஒரு தாடைத் துண்டையும் நம்பி
மனிதனின் மூதாதை என்று
பாடப்புத்தகத்தில் நிமிர்ந்து நடக்கவிட்டார்களாம்.
பெரியதற்குச் சிவன் பெயர்.
பிறகு ஒரு முகம் கிடைத்தது.
இரண்டும் ஒரே கூட்டம்.
சிறியது, அநேகமாக, பெண்.
மூதாதைப் பட்டம் போயே போயிற்று.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
அரியும் சிவனும் ஒண்ணு,
அறியாதவன் வாயிலே மண்ணு.
இந்தியில் சொல்லிப் பார்த்தேன். இயைபு உதிர்ந்து
வெறும் வசவாக நின்றது.
அவள் கோபிக்கவில்லை. தாடையைத் திருப்பிக் காட்டினாள்:
கடைவாய்ப் பற்களின் இடுக்கில்
கல்லாய் இறுகிய மண்.
"இதை மட்டும் துடைத்துவிடாதீர்கள்.
தின்ற தழையின் துகள் ஏதாவது இருக்கலாம்."

அப்புறம் வேலை.
நான் பல்லை விரலால் படிக்கிறவள்.
இருபத்திரண்டு வருடமாக டெல்லியின் வாய்கள்
இந்தக் கையில் வந்து போகின்றன.
இடப்பக்கம் தேய்ந்து தாம்பாளமாகிவிட்டது.
வலப்பக்கத்து முகடுகளோ
முளைத்த நாளின் கூர்மை கலையாமல்.
வலது கடைவாய்ப்பல் ஒன்றின் வேரடியில்
மிளகு நுழையும் துளை. விளிம்பு வழவழப்பு.

"இது வலப்பக்கம் மெல்லவே இல்லை," என்றேன்.
"சீழ் கோத்திருக்கிறது. வெகுநாள் பட்ட வலி."

எனாமலின் தடிப்பை மைக்ரானில் அளந்தவள் ஜஸ்லீன்.
அந்தத் துளையைப் பற்றி
'மணல் அரிப்பு' என்று எழுதி வைத்திருந்தாள்.
அடித்தாள். யோசித்தாள்.
அடித்ததன் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள்.

சிலிக்கோன் இறுகும் வரை இருவரும் பேசவில்லை.
எனக்கு ஒரு கிளை தெரிந்தது.
அதன்மேல் கன்னம் வீங்கிய ஒருத்தி,
தலையை இடப்பக்கம் சாய்த்து
பழத்தைப் பிட்டுப் பிட்டு ஒதுக்கி மெல்கிறாள்.
கீழே யானைகளின் முன்னோர் தண்ணீர் குடிக்கின்றன.
இரவெல்லாம் விழித்திருக்கிறாள்.
அவள் என் பாட்டி முறை இல்லை, யாருக்குமே இல்லை.
பல்வலிக்கு உறவுமுறை எதற்கு?

மூன்றாவது நகலில் காற்றுக் குமிழ்,
சரியாக அந்தத் துளை இருக்கும் இடத்தில்.
ஜஸ்லீனுக்கு நாலாவது வார்த்துக் கொடுத்தேன்.
குமிழ் விழுந்ததை
திருமதி குரோவரின் மேல் செட்டுக்கும்
பெயர் அழிந்த ஒரு கிழவரின் ஒற்றைப் பல்லுக்கும் நடுவே
அலமாரியில் வைத்தேன்.

படிவத்தில் பெயர்க் கட்டம் இன்னும் காலி.
'இடப்பக்கம் மெல்பவள்' என்று எழுதினேன்.

ஏழு மணிக்கு மல்ஹோத்ரா வந்து
மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி அதைப் படித்தார்.
என் தமிழ் எழுத்து அவருக்குப் புரியாது.
"யார் இது? பொருத்திப் பார்க்க எப்போது வருகிறாள்?"

மார்ச்சில், என்றேன்.