யாராவது செத்தார்களா

"யாராவது செத்தார்களா?" என்று கேட்டார்
போக்குவரத்துப் பொறியாளர் பாலோமெக்,
படிவத்தின் ஏழாவது கட்டத்தில்
பேனாவை நிறுத்திக்கொண்டு.

இதுவரை இல்லை என்றோம்.
எர்மெலிந்தாவின் முழங்கால் இருக்கிறது என்றோம்.
ரொட்டிக்கடைச் சுவரில் இருமுறை கார் புகுந்தது என்றோம்.
ட்ரோம்ப்போ செத்துப்போனது என்றோம்.
வயது கேட்டார்.
நாய் என்றோம்.
பேனாவை மூடினார்.

ஹலாப்பாவில் எல்லாத் தெருவும் சரிவுதான்.
எங்கள் மக்னோலியா தெரு கொஞ்சம் கூடுதல்:
மேலே பேருந்து நிலையம், கீழே ஆஸ்பத்திரி,
நடுவில் நாங்கள்.
பாதி வருஷம் மூடுபனி. மீதிப் பாதி
சிப்பிச்சிப்பி என்று இங்கே சொல்கிற தூறல்,
குடை விரிக்கலாமா வேண்டாமா என்று
யோசிக்க வைக்கிற அளவுக்கே பெய்யும்.
அந்த வெள்ளைக்குள்ளிருந்து
கார்கள் வருவதில்லை,
வந்துவிட்டிருக்கும்.

மனுவை என் கடையில்தான் நகல் எடுத்தோம்.
இருநூறு பிரதி, காசு வாங்கவில்லை.
மை தீர்ந்து, கடைசி நாற்பதில்
எங்கள் கையெழுத்தெல்லாம் சாம்பல்.

பொறியாளர் கெட்டவர் இல்லை. காபி கொடுத்தார்.
நகரத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு தெருக்கள்
வேகத்தடைக்கு வரிசையில் நிற்கின்றனவாம்,
செத்தவர்களின் எண்ணிக்கைப்படி.
நாங்கள் வரிசையின் வாலில்,
அதிர்ஷ்டக்காரர்கள்.

திரும்புகையில் பேருந்தில்
ஃபிதென்சியோ மட்டும் வாயைத் திறந்தான்:
"சரி, யாரை அனுப்பலாம்?"
சிரித்தோம்.
பிறகு அந்தச் சிரிப்பை எங்கே வைப்பதென்று
யாருக்கும் தெரியவில்லை.

சனிக்கிழமை இரவு ஏழு மூட்டை சிமெண்ட் வந்தது.
யாருடையது என்று நான் கேட்கவில்லை.
இரண்டு பக்கமும் பழைய டயர்களை அடுக்கி
விளக்கு பிடித்துக்கொண்டோம்.
ஃபிதென்சியோ கொத்தனார்.
குனிந்து, விரல் வைத்து அளந்தான்:
நாலு விரல் உயரம், போதும்.
பள்ளிக்கூட வேலிக்குப் பூசி மிஞ்சிய மஞ்சள் பெயின்ட்
பாதித் தெருவோடு தீர்ந்தது.
மேலே போகிறவர்களுக்கு மட்டும்
எங்கள் எச்சரிக்கை மஞ்சளாக இருந்தது.

திங்கட்கிழமை முதல் பலி:
ஃபிதென்சியோவின் சொந்த வண்டியின் சைலன்சர்.
மறந்துவிட்டானாம்.

அடுத்தது அந்த வெள்ளைக் கார்.
மூன்று வருஷமாகக் காலை ஆறு பத்துக்கு
என் ஷட்டரை அதிரவைத்துப் போகிற கார்.
அதன் அம்மாவை நான் இழுக்காத நாளில்லை.
அன்று அது நின்றாற்போல் ஊர்ந்தது.
அப்போதுதான் தெரிந்தது
உள்ளே ஓர் ஆள் இருப்பது.
நர்ஸ் சீருடை. பல்லுக்கிடையில் பாதி ரொட்டி.
தூங்கினாளா என்று சொல்ல முடியாத கண்கள்.
வேகத்துக்கு முகம் இல்லாததால்தான்
அத்தனை வசதியாகத் திட்ட முடிந்தது.

பிறகு வுல்ஃப்ரானோ கிழவருக்கு நெஞ்சுவலி.
ஆம்புலன்ஸ் அலறிக்கொண்டு இறங்கி
எங்கள் மேட்டின் முன்னால்
தலை கவிழ்ந்து மெதுவானது.
முன்சக்கரம். பின்சக்கரம்.
உள்ளே எதுவோ உலோகம் உருண்டது.
தெருவே வாசலில் நின்று
மனசுக்குள் எண்ணியது.
நான் ஆறு எண்ணினேன்.
எர்மெலிந்தா ஒன்பது என்கிறாள்.

போய்ச் சேர்ந்தார்,
ஆஸ்பத்திரிக்குத்தான்.
இப்போது உப்பில்லாமல் சாப்பிட்டுக்கொண்டு
எல்லோர் மேலும் எரிந்து விழுகிறார்.

அன்றிரவு யாரும் கூப்பிடாமல்
ஃபிதென்சியோ உளியோடு வந்தான்.
நான் விளக்கு பிடித்தேன்.
தூறலில் சிமெண்ட் தூள் பறக்காமல்
பாலாக ஒழுகிச் சாக்கடைக்குப் போனது.
மறுபடி விரல் வைத்தான்.
மூன்று.
"இதுக்கு மேல எனக்குக் கணக்குத் தெரியாது" என்று
உளியைத் துடைத்தான்.

இன்று காலை ஆறு பத்து.
வெள்ளைக் கார் கொஞ்சம் துணிச்சலாகத்தான் ஏறியது.
ரொட்டியை எடுக்காமலே
ஸ்டியரிங்கிலிருந்து
இரண்டு விரல் தூக்கினாள்.